கம்ப்ரஸர் ஏர் லைனில் தண்ணீரா? ஃபில்டர் ரெகுலேட்டர் வாங்கும் முன்னும் மாட்டிய பின்னும்

கோவை கணபதியில் சின்னதாக ஒரு ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு வி.எம்.சி. (டூலைத் தானே மாற்றிக்கொண்டு வெட்டும் கம்ப்யூட்டர் மில்லிங் மெஷின்), இரண்டு சி.என்.சி. லேத், நாலைந்து ஏர் கன், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 10 எச்.பி. பிஸ்டன் கம்ப்ரஸர். வி.எம்.சி.யைப் பழையதாகத்தான் வாங்கினேன். வந்த நாளிலிருந்து டூல் மாற்றும்போது பாதியில் நின்று, காற்றழுத்தம் குறைவு என்று அலாரம் காட்டும். ஓடிப்போய் கேஜைப் பார்த்தால் முள் 6 கிலோவில் (சதுர செ.மீ.க்கு 6 கிலோ அழுத்தம்) ஆடாமல் நிற்கும். பிரஷர் ஸ்விட்ச் மாற்றினோம், சொலினாய்டு வால்வு மாற்றினோம். பதினாலாயிரம் ரூபாய் போனது. அலாரம் போகவில்லை.

கோளாறு மெஷினுக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில், யாரும் குனிந்து பார்க்காத ஃபில்டர் ரெகுலேட்டரில் இருந்தது. அடியில் தொங்கும் கிண்ணமான பவுலைக் கழற்றினால், உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய எலிமெண்ட் (வடிகட்டும் பகுதி) காப்பித்தூள் வடிகட்டிய துணி மாதிரி இருந்தது. அதை மாற்றப் போய் மேலும் இரண்டு தடவை தவறான சாமானை வாங்கினேன். நீங்கள் அந்தச் சுற்றைச் சுற்ற வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி: ஃபில்டர் காற்றிலுள்ள தூசியையும் நீர்த்துளியையும் பிடிக்கும், ரெகுலேட்டர் அழுத்தத்தைக் குறைத்து ஒரே அளவில் வைக்கும். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால் ஃபில்டர் ரெகுலேட்டர். கூடவே எண்ணெய் விடும் லூப்ரிகேட்டரும் சேர்ந்தால் எஃப்.ஆர்.எல். கடைக்காரர்கள் எல்லாவற்றையும் எஃப்.ஆர்.எல். என்றே சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.

1. காற்று ஓடும்போது கேஜைப் பாருங்கள்

புதிதாக வாங்குவதற்கு முன் இருப்பதைச் சோதியுங்கள். மெஷின் சும்மா நிற்கும்போது கேஜ் காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். காற்று ஓடாதபோது அடைத்த எலிமெண்ட் வழியாகவும் அழுத்தம் மெதுவாக ஏறி நிரம்பிவிடும். ஒருவரை டூல் சேஞ்ச் கொடுக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கேஜ் முன்னால் உட்காருங்கள். எங்களுடையது 6 கிலோவிலிருந்து ஒரு நொடிக்குள் 4-க்கு விழுந்து, மறுபடி மெல்ல ஏறியது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் முள் மேலே வந்துவிடும்.

அரை கிலோ வரை விழுவது சகஜம். ஒரு கிலோவுக்கு மேல் விழுந்தால் எலிமெண்ட் அடைத்திருக்கிறது, அல்லது ரெகுலேட்டர் சின்னது, அல்லது அதற்கு முன்னால் வரும் பைப்பே போதவில்லை. ஃபில்டருக்கு முன்னால் இன்னொரு கேஜ் மாட்டி அதையும் பாருங்கள். முன் கேஜும் சேர்ந்து விழுந்தால் ஃபில்டர் ரெகுலேட்டர் மேல் பழி போடாதீர்கள்.

2. எவ்வளவு காற்று வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

போர்ட் (பைப் மாட்டும் வாய்) அளவை மட்டும் சொல்லி வாங்குவதுதான் நாம் எல்லோரும் செய்கிற தப்பு. "அரை இஞ்ச் லைன், அரை இஞ்ச் குடுங்க" என்றால் கடையில் எது இருக்கிறதோ அது வரும். ஒரே அரை இஞ்ச் போர்ட் இருந்தாலும் உடம்பு அளவு வேறுபட்டால் அதன் வழியாக ஓடும் காற்றின் அளவு நிறைய மாறும்.

ஒரு கணக்கு பாருங்கள். 63 மி.மீ. போர் (உள்விட்டம்), 100 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) உள்ள சிலிண்டர், 6 கிலோவில். உள்ளே கொள்ளும் இடம் சுமார் 0.31 லிட்டர். 6 கிலோவில் அழுத்திய காற்று என்றால் வெளிக்காற்றைப் போல 7 மடங்கு (கேஜ் காட்டும் 6, வெளிக்காற்றின் 1), அதாவது ஒரு பக்கம் போக 2.2 லிட்டர், போய்வர 4.4 லிட்டர். நிமிடத்துக்கு 20 தடவை போய்வந்தால் 88 லிட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு ஸ்ட்ரோக் அரை நொடியில் முடிகிறது என்றால் அந்த அரை நொடியில் காற்று ஓடும் வேகம் நிமிடத்துக்கு 260 லிட்டர். ரெகுலேட்டர் இந்த 260-ஐத் தாங்க வேண்டும், 88-ஐ அல்ல. ஏர் கன்னும் லேசுப்பட்டதில்லை. 2 மி.மீ. வாய் உள்ள கன்னை 6 கிலோவில் அழுத்திப் பிடித்தால் நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் போகும்.

கேட்லாக்கில் ஒவ்வொரு மாடலுக்கும் ஓட்டத்துக்கு எதிராக அழுத்தம் எப்படி விழுகிறது என்ற வளைகோட்டுப் படம் இருக்கும். உங்கள் உச்ச ஓட்டத்தை அதில் வைத்து, அங்கே அழுத்தம் எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். சில கேட்லாக்கில் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) இருக்கும், 1 சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்கு 28.3 லிட்டர். வரும் அழுத்தம் நீங்கள் செட் செய்யும் அழுத்தத்தைவிட ஒரு கிலோவாவது கூடுதலாக இருக்க வேண்டும். லைனில் 6 கிலோதான் வருகிறது என்றால் எந்த ரெகுலேட்டரும் உங்களுக்கு நிலையான 6 கிலோ கொடுக்காது.

அளவுகோல் குழப்பமும் உண்டு. பட்டறையில் நாம் சொல்வது கிலோ, கேட்லாக்கில் பார் அல்லது எம்.பி.ஏ., பழைய கேஜில் பி.எஸ்.ஐ. நடைமுறைக்கு 1 பார் ஏறக்குறைய 1 கிலோ, 14.5 பி.எஸ்.ஐ. 10 பார் என்பது 1 எம்.பி.ஏ. கேட்லாக்கில் 0.85 என்று பார்த்துவிட்டு "ஒரு கிலோகூட இல்லையே" என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு.

3. தண்ணீரை ஃபில்டர் வரும் முன்பே பிடியுங்கள்

நான் அதிகம் ஏமாந்தது இங்கேதான். லைனில் தண்ணீர் வருகிறதா, பெரிய ஃபில்டர் போடு என்றார்கள். போட்டேன். தண்ணீர் நிற்கவில்லை. டூல் மாற்றும்போது ஸ்பிண்டிலுக்குள் (டூலைப் பிடித்துச் சுற்றும் தண்டு) ஊதும் காற்றோடு ஈரமும் போய், டூல் உட்காரும் டேப்பரில் துரு பிடித்தது.

ஃபில்டர் துளியாக இருக்கும் நீரைத்தான் பிடிக்கும். ஆவியாக இருப்பது அதன் வழியாகச் சாவகாசமாகக் கடந்துபோய், மெஷினுக்குள் குளிர்ந்து தண்ணீராகும். கம்ப்ரஸருக்குப் பக்கத்திலேயே ஃபில்டரை மாட்டினால் சூடான காற்றில் எல்லாம் ஆவிதான், ஒன்றும் சிக்காது. அதனால் மெஷினுக்கு மிக அருகில், காற்று ஆறிய பிறகு மாட்டுங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்று நினைக்கிறீர்கள்? மழை விட்ட புழுக்கமான நாள், 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். 40 சி.எஃப்.எம். இழுக்கும் கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் ஒன்றரை லிட்டருக்கு மேல் நீரை ஆவியாக உள்ளே இழுக்கிறது. 7 கிலோவுக்கு அழுத்தி 35 டிகிரிக்கு ஆறவிட்டால் அதில் ஏறக்குறைய 1.3 லிட்டர் தண்ணீராகிவிடும். ஒரு ஷிப்டுக்கு ஒரு குடத்தில் முக்கால்! விரற்கடை அளவு தண்ணீர் பிடிக்கும் பவுல் இதை என்ன செய்யும்?

வரிசை இப்படி இருக்கட்டும். ரிசீவர் டேங்க்கை (கம்ப்ரஸர் காற்றைச் சேர்த்து வைக்கும் தொட்டி) தினமும் காலையும் மாலையும் டிரெய்ன் செய்யுங்கள், அதாவது அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடுங்கள். காசே இல்லாத வேலை, பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். மெயின் பைப்பை, காற்று ஓடும் திசையில் 100-க்கு 1 என்ற சரிவில் இறக்கி, கடைசியில் ஒரு டிரெய்ன் வால்வு வையுங்கள். மெஷினுக்கு இறங்கும் பைப்பை மெயினின் மேல் பக்கத்திலிருந்து எடுத்து வளைத்து இறக்குங்கள். அடிப்பக்கத்திலிருந்து எடுத்தால் பைப்பில் ஓடும் தண்ணீர் முழுவதும் நேராக உங்கள் மெஷினுக்குத்தான். இவ்வளவும் செய்து இன்னும் ஈரம் வந்தால் ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் வேண்டும். அது காற்றை ஏறக்குறைய 3 டிகிரி வரை குளிரவைத்து நீரைப் பிரித்துவிடும். ஸ்பிண்டில், பெயிண்ட் பூத், அளவுக் கருவி இருக்கிறவர்கள் தயங்காமல் டிரையர் போடுங்கள்.

4. மைக்ரான், அழுத்த எல்லை, பவுல், டிரெய்ன்

மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு, எலிமெண்ட் எவ்வளவு நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்பதன் அளவு): சாதாரண சிலிண்டர், வால்வு, ஏர் கன்னுக்கு 40 மைக்ரான் போதும், வி.எம்.சி.க்கு 5. எண்ணெய்ப் புகையைப் பிடிக்க 0.3, 0.01 மைக்ரான் கோலெசிங் ஃபில்டர் (நுண்துளிகளை ஒன்றுசேர்த்துப் பிடிப்பது) தனியாக உண்டு. அதை எப்போதும் 5 மைக்ரான் ஃபில்டருக்குப் பின்னால்தான் போட வேண்டும், நேரடியாகப் போட்டால் சீக்கிரமே அடைத்துவிடும். நுண்ணியது என்றால் நல்லது என்று எல்லா இடத்திலும் 0.01 கேட்காதீர்கள். மெஷின் மேனுவலில் ஐ.எஸ்.ஓ. 8573-1 (அழுத்திய காற்றின் சுத்தத்துக்கான சர்வதேச தரநிலை) என்று போட்டு மூன்று எண்கள் இருந்தால், அவை வரிசையாகத் தூசி, நீர், எண்ணெய் ஆகியவற்றின் தர வகுப்பு. எண் சிறியதானால் காற்று சுத்தம். அந்த மூன்று எண்களைக் கடைக்காரரிடம் அப்படியே காட்டுங்கள்.

அழுத்த எல்லை: நீங்கள் வைக்கும் அழுத்தம் ரெகுலேட்டர் எல்லையின் நடுப்பகுதியில் விழ வேண்டும். 1.5 கிலோவில் ஓடும் வேலைக்கு 8.5 கிலோ எல்லை உள்ளதை வாங்கினால் குமிழைக் கால் சுற்று திருப்பினாலே அளவு தாண்டிப் போகும். குறைந்த எல்லை ஸ்பிரிங் உள்ளதைக் கேளுங்கள். கூடவே ரிலீவிங் வகையா என்றும் கேளுங்கள். ரிலீவிங் என்றால் குமிழைக் குறைத்ததும் பின்பக்கத்து அதிகக் காற்றை வெளியே விட்டுவிடும். பொது வேலைக்கு அதுதான் சரி.

பவுல்: பெரும்பாலும் பாலிகார்பனேட், கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே தெரிவது வசதி. ஆனால் தின்னர், அசிட்டோன், சில செயற்கை கம்ப்ரஸர் ஆயில், மரை ஒட்டும் பசை ஆகியவற்றின் ஆவி பட்டாலே அது நுண்ணிய வெடிப்பு விடும். எங்கள் ஹெல்பர் பையன், நல்ல மனசோடுதான், பழைய பவுலைத் தின்னரில் கழுவிப் பளபளவென்று மாட்டினான். சுற்றிலும் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள் இருந்ததை நான்தான் கீறல் என்று விட்டுவிட்டேன். நாலாவது நாள் மத்தியானம் பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். சுற்றியிருந்த இரும்புக் கூண்டு துண்டுகளைத் தாங்கிக்கொண்டது. இல்லாவிட்டால் பக்கத்தில் நின்றவர் கண் போயிருக்கும். கூண்டு இல்லாத பவுலை வாங்கவே வாங்காதீர்கள். பெயிண்ட், தின்னர் புழங்கும் இடம் அல்லது 60 டிகிரியைத் தொடும் இடம் என்றால் உலோகப் பவுல்தான்.

டிரெய்ன்: கையால் திறப்பது மலிவு, ஆனால் யாரும் திறக்க மாட்டார்கள். மிதவை உள்ள ஆட்டோ டிரெய்னுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுங்கள். அதிலும் இரண்டு வகை. அழுத்தம் இல்லாதபோது திறந்திருப்பது ஒன்று, மூடியிருப்பது ஒன்று. திறந்திருக்கும் வகையை மூடுவதற்கே ஓரளவு காற்று வேண்டும். சின்ன கம்ப்ரஸரில் அதைப் போட்டால் காலையில் அழுத்தம் ஏறாமல் டிரெய்ன் வழியாகவே சீறிக்கொண்டிருக்கும். நம் மாதிரிப் பட்டறைக்கு மூடியிருக்கும் வகை.

5. மரையில் ஏமாறாதீர்கள்

நம் ஊர் பைப் எல்லாம் பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் பைப் தரம்) மரை. அமெரிக்க மெஷினோடு வருவது என்.பி.டி. (அமெரிக்க பைப் தரம்). அரை இஞ்சில் இரண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரைதான், அதனால் ஒன்றுக்குள் ஒன்று மூன்று சுற்று அழகாக ஏறும். ஆனால் மரையின் கோணம் வேறு, ஒன்று 55 டிகிரி, மற்றது 60. பிறகு இறுகும், கசியும், டெஃப்லான் எத்தனை சுற்றினாலும் நிற்காது. இன்னும் இறுக்கினால் அலுமினிய உடம்பு விண்டுவிடும். என்னுடைய முதல் தவறான கொள்முதல் இதுதான். கால் இஞ்சிலும் 3/8-இலும் எண்ணிக்கையே வேறு, பி.எஸ்.பி. 19, என்.பி.டி. 18. அங்கே ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும்.

மாடல் எண்ணில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் மரை மாறிவிடும். பழைய சாமானின் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, வந்ததும் பெட்டியைப் பிரிக்கும் முன் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பிரித்து மரையில் டேப் சுற்றிவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

6. காகிதம், விலை, நாள்

கையில் எடுத்துப் போக வேண்டியவை: மெஷின் மேனுவலின் காற்றுப் பக்கம் (அழுத்தம், ஓட்டம், தரம்), பழைய சாமானின் போட்டோ, கம்ப்ரஸர் தகட்டின் போட்டோ. வாங்கும்போது கேட்க வேண்டியவை: முழு மாடல் எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில், மாடலுக்குரிய கேட்லாக் பக்கம், எலிமெண்ட், பவுல், டயஃப்ரம் (ரெகுலேட்டருக்குள் உள்ள ரப்பர் சவ்வு) கிட் மூன்றின் தனித்தனி உதிரிபாக எண்கள். இந்தக் கடைசி விஷயத்தைப் பலரும் கேட்பதில்லை. உதிரிபாகம் கிடைக்காத மலிவு மாடலை ஒரு வருடத்தில் முழுதாகத் தூக்கிப் போட வேண்டி வரும்.

நான் கொடுத்ததைச் சொல்கிறேன், உங்களுக்குக் கூடக்குறைய இருக்கும். 3/8 அளவு, 5 மைக்ரான், ஆட்டோ டிரெய்ன், கேஜ், பிராக்கெட் எல்லாம் சேர்த்து நம் நாட்டுத் தயாரிப்பு இரண்டாயிரத்துச் சொச்சம். வெளிநாட்டுப் பெயர் என்றால் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. எலிமெண்ட் சில நூறு ரூபாய்தான். கோவையிலேயே ஜனாட்டிக்ஸ் தயாரிக்கிறது, ஃபெஸ்டோ, எஸ்.எம்.சி. டீலர்களும் இருக்கிறார்கள். வழக்கமான மாடல் மறுநாள் கிடைத்தது. உலோகப் பவுல் கேட்டதற்கு ஐந்து வாரம் ஆனது. ஆகவே பவுல் வெடித்த பிறகு ஆர்டர் போடாமல் முன்னாலேயே ஒன்று வாங்கி வையுங்கள்.

7. மாட்டும் முறை

மெயின் வால்வை மூடி, அதற்குப் பின்னால் இருக்கும் காற்றையும் வெளியே விட்டு, கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகே ஸ்பேனர் எடுங்கள். சாதாரண பால் வால்வு (உள்ளே உருண்டை சுழன்று மூடும் வகை) மூடினால் முன்பக்கம் நிற்குமே தவிர, பின்பக்கக் காற்று சிலிண்டரிலும் ஹோஸிலும் அப்படியே அடைபட்டிருக்கும். மூடும்போது பின்காற்றை வெளியேற்றும் மூன்று வழி ஷட்-ஆஃப் வால்வை ஃபில்டருக்கு முன்னால் ஒன்று போட்டுவிடுங்கள், பூட்டுப் போடும் ஓட்டை உள்ளதாக.

புது பைப் என்றால் மாட்டும் முன் திறந்துவிட்டு ஒரு நிமிடம் ஊதவிடுங்கள். மரை வெட்டிய பிசிறும் துருவும் வந்து விழும். டெஃப்லான் டேப்பை முனையில் ஒன்றரை மரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். முனையைத் தாண்டிச் சுற்றிய டேப் நறுக்குண்டு உள்ளே போய் ரெகுலேட்டர் சீட்டில் (உள் வால்வு படிந்து மூடும் இடம்) உட்கார்ந்துகொள்ளும். பிறகு அழுத்தம் செட் செய்த இடத்தில் நிற்காமல் தானாக ஏறும். ரெகுலேட்டர் பழுது என்று திருப்பிக் கொடுத்த சாமானில் இப்படி ஒரு வெள்ளை நூலைக் கடைக்காரர் எடுத்துக் காட்டி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

உடம்பில் உள்ள அம்பு காற்று போகும் திசை. பவுல் நேராகக் கீழே தொங்க வேண்டும், சாய்ந்தால் தண்ணீர் பிரியாது. பவுலைக் கழற்ற அடியில் இடம் விடுங்கள். கேஜ் கண்ணுக்கு நேரே தெரியும் உயரத்தில் இருக்கட்டும்.

8. அழுத்தம் செட் செய்வது

குமிழை மேலே இழுத்தால் பூட்டு விடும். முதலில் முழுக்கத் தளர்த்தி, காற்றைத் திறந்து, கீழிருந்து மேலே ஏற்றி வாருங்கள். தாண்டிவிட்டால் திருப்பிக் குறைத்து அங்கேயே விடாதீர்கள். வேண்டிய அளவுக்குக் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். மேலிருந்து இறக்கி வைத்த அழுத்தம் நிலையாக நிற்காது. மெஷினை ஓடவிட்டு, காற்று ஓடும்போதும் பார்த்துச் சரிசெய்து, குமிழைக் கீழே அழுத்திப் பூட்டுங்கள். செட் செய்த அளவில் கேஜ் மேல் ஒரு மார்க்கர் கோடு போடுங்கள்.

மெஷினுக்கு 5.5 போதும் என்றால் 7 வைக்காதீர்கள். வேலை வேகமாகாது, ஒவ்வொரு தடவையும் அதிகக் காற்று செலவாகும், அவ்வளவுதான்.

9. பராமரிப்பு

தினமும்: பவுலில் தண்ணீர் மேல் கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று ஒரு பார்வை. தாண்டினால் பிரிந்த நீர் மறுபடி காற்றோடு சேர்ந்து போகும்.

வாரம் ஒரு முறை: மெஷின்களை நிறுத்திவிட்டுக் கம்ப்ரஸரை மட்டும் வைத்துக் காது கொடுத்துக் கேளுங்கள், இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். 3 மி.மீ. ஓட்டை ஒன்று 6 கிலோவில் நிமிடத்துக்கு 500 லிட்டருக்கு மேல் விடும். என் 40 சி.எஃப்.எம். கம்ப்ரஸரின் ஏறக்குறைய பாதி உழைப்பு அது. கரண்ட் பில்லில்தான் தெரியும்.

எலிமெண்ட்: காற்று ஓடும்போது முன் கேஜ் நிற்க, பின் கேஜ் மட்டும் செட் செய்த அளவிலிருந்து ஒரு கிலோ விழுந்தால், அல்லது இரண்டு வருடம் ஆனால், எது முந்தியோ அப்போது மாற்றுங்கள். ஊதிச் சுத்தம் செய்து மாட்டினால் ஒரு மாதம் ஓடும், அழுக்கு இன்னும் ஆழமாகப் போயிருக்கும். வெண்கல எலிமெண்ட் மட்டும் கழுவலாம்.

பவுல்: மிதமான சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி. வேறு எதுவும் வேண்டாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மெல்லிய கோடோ மங்கலோ தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். ஓ-ரிங்கையும் கூடவே மாற்றுங்கள்.

லூப்ரிகேட்டர் வேண்டுமா என்று கேட்பீர்கள். இப்போது வரும் சிலிண்டர், வால்வுகளில் கம்பெனியிலேயே கிரீஸ் போட்டு விடுகிறார்கள். எண்ணெய் விட ஆரம்பித்தால் அது அந்தக் கிரீஸைக் கழுவிவிடும், பிறகு எண்ணெயை நிறுத்தவே முடியாது. மேனுவல் கேட்டால் மட்டும் போடுங்கள், வி.ஜி. 32 டர்பைன் ஆயில்தான், மிச்சமிருக்கும் எஞ்சின் ஆயில் அல்ல.

10. அடையாளம் கண்டு சரிசெய்ய

குமிழ் அருகே உள்ள துளையில் காற்று விடாமல் சீறினால்: டயஃப்ரம் கிழிந்திருக்கலாம், அல்லது சீட்டில் தூசி இருக்கலாம். அழுத்தத்தைக் குறைக்கும்போது மட்டும் ஒரு நொடி சீறுவது ரிலீவிங் வகையின் இயல்பு, பயப்பட வேண்டாம்.

காற்று ஓடாதபோது அழுத்தம் தானாக ஏறினால்: சீட்டில் பிசிறு. காற்றை விட்டுவிட்டு வால்வைக் கழற்றித் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

ஆட்டோ டிரெய்ன் நிற்காமல் விட்டால்: மிதவையின் அடியில் துரு. பவுலைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் அலசி மாட்டுங்கள். மறுபடியும் வந்தால் துரு எங்கிருந்து வருகிறது என்று பழைய ஜி.ஐ. பைப்பைப் பாருங்கள்.

குமிழ் கடைசி வரை திருகியும் அழுத்தம் ஏறவில்லை என்றால்: குமிழை மேலும் முறுக்காதீர்கள், உடைந்துவிடும். முன் கேஜைப் பாருங்கள். அங்கேயும் குறைவு என்றால் கம்ப்ரஸர் அறைக்குப் போங்கள். எங்கள் பட்டறையில் ஒரு நாள் காலை முழுவதும் ரெகுலேட்டரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தோம். ரிசீவர் டேங்க்கின் டிரெய்ன் வால்வை முந்தின நாள் மாலை திறந்தவர் மூடாமல் வீட்டுக்குப் போயிருந்தார்.